பட்டமளிப்பு விழாவில் பேசணும், எழுத வரவில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரியில் தமிழ் மன்றத்தைக் கவனித்துக்கொள்கிறேன். விழாத் தேதி அறிவித்தவுடன் இறுதியாண்டு மாணவர்கள் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களோடு வருவார்கள். வராந்தாவிலும் வாட்ஸ்அப்பிலும் துண்டு துண்டாகச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன.

சார், மாணவர்கள் சார்பா நான் பேசணுமாம். பட்டமளிப்பு விழால ஸ்டூடன்ட் பேசுறதெல்லாம் உண்டா?

பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் பெரும்பாலும் கிடையாது. வேந்தர், துணைவேந்தர், சிறப்பு விருந்தினர் ஆகியோர் பேச்சோடு சரி. மாணவர் மேடையேறுவது பட்டம் வாங்கத்தான். கல்லூரிகள் தாங்களாக நடத்தும் கிராஜுவேஷன் டேயில்தான் சில இடங்களில் ஒரு மாணவருக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குகிறார்கள். பிரிவுபசார விழா வேறு கதை, அங்கே மைக் யார் கையில் இருக்கிறதோ அவர் பேசுவார்.

அமெரிக்காவில் இது பழைய வழக்கம். வகுப்பில் முதலிடம் பெற்றவர் எல்லோர் சார்பிலும் விடைபெற்றுப் பேசுவார். ஹார்வர்டில் இன்றும் ஒரு மாணவர் லத்தீன் மொழியில் பேசுகிறார். யூடியூபில் நீங்கள் பார்க்கும் புகழ்பெற்ற உரைகளில் பெரும்பாலானவை அந்த நாட்டு விழாக்களில் விருந்தினர்கள் பேசியவை. ஐம்பது வயதில் ஒரு நிறுவனத்தைக் கட்டி எழுப்பியவர் வாழ்க்கை தனக்குக் கற்றுக்கொடுத்ததைப் பற்றிப் பேசலாம். இருபத்தோரு வயதில் அதே தொனியில் பேசினால் கடைசி வரிசையில் சிரிப்பார்கள், அவர்கள் சிரிப்பதும் நியாயம்தான். மாதிரி வேண்டுமென்றால் மாணவர்கள் பேசியதைத் தேடிப் பாருங்கள்.

எதைப் பத்திப் பேசுறதுன்னே தெரியல. வெள்ளைப் பேப்பரைப் பார்த்துட்டு உக்காந்திருக்கேன்.

தலைப்புத் தேடுவதை நிறுத்திவிட்டு, அரங்கில் யார் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று எழுதுங்கள். உங்கள் வகுப்புத் தோழர்கள், பெற்றோர், ஆசிரியர்கள், நிர்வாகத்தினர், விருந்தினர். இவர்களில் இந்த மூன்று வருடம் உள்ளே என்ன நடந்தது என்று முழுசாகத் தெரிந்தவர்கள் உங்கள் தோழர்கள் மட்டும்தான். பெற்றோருக்குத் தெரிந்தது ஃபீஸ் கட்டும் தேதி, மார்க், சாயங்காலம் எத்தனை மணிக்கு வீடு வந்தீர்கள் என்பது. அவ்வளவுதான்.

உங்கள் பேச்சு இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. தோழர்களுக்குத் தெரிந்து பெற்றோருக்குத் தெரியாத ஒரு விஷயத்தை எடுத்துப் பெற்றோருக்குச் சொல்லுங்கள். தோழர்கள் ‘ஆமாம், ஆமாம்’ என்று தலையாட்டுவார்கள், பெற்றோர் காதைக் கொடுத்துக் கேட்பார்கள். என்னிடம் வருகிற எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கும் இதுதான் அடிப்படை.

எங்க வாழ்க்கைல அப்படிச் சொல்ற மாதிரி ஒண்ணுமே நடக்கல சார். காலேஜுக்கு வந்தோம், போனோம்.

இதை எல்லோரும் சொல்வார்கள். பெரிய சம்பவத்தைத் தேடுவதால்தான் ஒன்றும் கிடைப்பதில்லை. சின்னதாகத் தேடுங்கள். தேர்வுக்கு முந்தின நாள் ஜெராக்ஸ் கடையில் ஒரே நோட்டை எத்தனை பேர் நகலெடுத்தீர்கள்? அது யாருடைய நோட்டு? ரெக்கார்டில் கையெழுத்து வாங்கக் கடைசி நாள் ஆசிரியர் அறை வாசலில் நின்றபோது என்ன பேசிக்கொண்டீர்கள்? ஹாஸ்டலில் யாருக்காவது காய்ச்சல் வந்த இரவு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது யார்? இன்டர்னல் மார்க் குறைந்தபோது, கேம்பஸ் இன்டர்வியூவில் கடைசிச் சுற்றில் வெளியே வந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யார்? இப்படி ஒரு பக்கம் எழுதுங்கள். அதில் ஒன்றைப் படிக்கும்போது உங்களுக்கே லேசாகச் சிரிப்போ தொண்டையில் ஏதோ அடைப்போ வரும். அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாதிரி எழுதிக் காட்டுகிறேன். ‘இரண்டாம் ஆண்டில் கணக்குத் தாளில் எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு அரியர். வீட்டில் யாரும் சொல்லவில்லை. ரிசல்ட் இன்னும் வரவில்லை என்றோம். பாஸ் ஆனவர்கள் சாயங்காலம் ஐந்தரை மணி பஸ்ஸை விட்டுவிட்டு வகுப்பிலேயே இருந்து எங்களுக்குக் கணக்குச் சொல்லித் தந்தார்கள். எல்லோரும் ஏழு மணி பஸ்ஸில் வீட்டுக்குப் போனோம். ஸ்பெஷல் கிளாஸ் என்று அப்போது உங்களிடம் சொன்னது பொய் இல்லை. எடுத்தவர்கள்தான் ஆசிரியர்கள் இல்லை.’

இதில் நட்பு, ஒற்றுமை, விடாமுயற்சி என்ற சொல் எதுவும் வரவில்லை, கவனித்தீர்களா? ஐந்தரை மணி பஸ்ஸை விட்டார்கள் என்றதுமே கேட்பவர்களுக்குப் புரிந்துவிடுகிறது. அதற்கு மேல் ‘இதிலிருந்து நாங்கள் கற்ற பாடம் என்னவென்றால்’ என்று ஒரு வரி சேர்த்தீர்களோ, மொத்தமும் கட்டுரைப் போட்டி ஆகிவிடும்.

வரவேற்புரை, நன்றியுரை, மாணவர் உரை எல்லாம் ஒண்ணுதானே?

இல்லை. வரவேற்புரை சொல்பவர் மேடையில் இருப்பவர்களை அறிமுகம் செய்வார். நன்றியுரை சொல்பவர் மைக் செட், பந்தல், சாப்பாடு வரைக்கும் எல்லோருக்கும் நன்றி சொல்வார். உங்கள் வேலை இந்த இரண்டும் இல்லை. நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே வாங்கி, உங்களுக்கு முன்னும் பின்னும் யார் பேசுகிறார்கள் என்று பாருங்கள். நன்றியுரை தனியாக இருந்தால், ஆசிரியர் பெயர்களை எல்லாம் நீங்கள் வரிசையாகச் சொல்லத் தேவையில்லை. பாதிப் பேச்சு அதிலேயே போகிறது, அப்படியும் ஒருவர் பெயர் விட்டுப்போய் மனஸ்தாபம் ஆகிறது.

எத்தனை பக்கம் எழுதணும்?

நிமிடத்தில் கணக்குப் போடுங்கள். மேடையில் நிதானமாகத் தமிழ் பேசினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 80 முதல் 100 சொற்கள் போகும். ஐந்து நிமிடம் கொடுத்திருந்தால் 400 சொல் போதும். மிச்சம் கைதட்டலுக்கும், மைக்கைச் சரிசெய்வதற்கும், உங்கள் மூச்சுக்கும். போனில் டைமர் வைத்துச் சத்தமாகப் படித்துப் பாருங்கள். மனதுக்குள் படித்துப் பார்த்த நேரம் கணக்கில் வராது, அது எப்போதும் குறைவாகவே காட்டும்.

சின்னதாக இருந்தால் மதிப்பிருக்காது என்று பயப்படுகிறவர்களுக்கு: 1863 நவம்பர் 19 அன்று அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க்கில், போரில் இறந்த வீரர்களின் கல்லறைத் திறப்பு விழாவில் முதலில் பேசிய பிரபலப் பேச்சாளர் எட்வர்ட் எவரெட் இரண்டு மணி நேரம் பேசினார். அடுத்து வந்த ஜனாதிபதி லிங்கன் சுமார் 270 சொற்களில், இரண்டு மூன்று நிமிடத்தில் முடித்துவிட்டார். உலகம் எதை ஞாபகம் வைத்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

ஆரம்பத்துல மேடைல இருக்கிற எல்லார் பேரையும் சொல்லணுமா?

அது வரவேற்புரையிலேயே முடிந்திருக்கும். ‘மேடையில் வீற்றிருக்கும் பெருமக்களே, ஆசிரியர்களே, பெற்றோர்களே, நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்’ போதும். விருந்தினர், முதல்வர் இருவரை மட்டும் பெயரோடு சொல்வதானால் பெயரையும் பதவியையும் அழைப்பிதழில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். பெயருக்கு முன் முனைவர் பட்டம் விடுபட்டால் சிலருக்கு அது பெரிய விஷயம்.

தமிழ்லயா, இங்கிலீஷ்லயா?

இரண்டாவது பதிலில் சொன்னதை வைத்துப் பாருங்கள். பெற்றோருக்குச் சொல்லப் போகிறோம் என்றால், அவர்களுக்கு எந்த மொழி புரியுமோ அதுதான். அறிவிப்பு ஆங்கிலம், விருந்தினர் உரை ஆங்கிலம், உறுதிமொழி ஆங்கிலம் என்று ஒன்றரை மணி நேரம் பட்டுப்புடவையில் பொறுமையாக உட்கார்ந்திருக்கும் அம்மாக்களுக்குப் புரிகிற ஐந்து நிமிடமாக உங்கள் பேச்சு இருக்கட்டும். நிர்வாகம் ஆங்கிலத்தில்தான் வேண்டும் என்று கறாராகச் சொன்னால், தொடக்கமும் முடிவும் ஆங்கிலத்தில் இருக்கட்டும், நடுவில் வரும் சம்பவத்தையாவது தமிழில் சொல்ல அனுமதி கேளுங்கள். நான் பார்த்தவரை யாரும் மறுத்ததில்லை.

தமிழ் என்றதும் மேடைத் தமிழுக்குத் தாவ வேண்டாம். ‘கல்விச்சோலையில் பூத்த மலர்களாகிய நாம்’ என்று தொடங்கினால் உங்களுக்கே உங்கள் குரல் அடையாளம் தெரியாது. அரியர், கேன்டீன், ஹால் டிக்கெட் எல்லாம் அப்படியே வரட்டும். நெல்லையோ கோவையோ, உங்கள் ஊர்ப் பேச்சு நாக்கில் இருந்தால் மறைக்காதீர்கள். எழுதுவது மட்டும் முழு வாக்கியமாக இருக்கட்டும், பதற்றத்தில் பாதி வாக்கியம் தொலைந்துபோகும்.

திருக்குறள் ஒண்ணு, கலாம் ஐயா பொன்மொழி ஒண்ணு போடலாம்ல?

போடலாம். ஆனால் ‘கற்க கசடற’ அன்று மேடையில் எப்படியும் ஒருவர் வாயில் வந்துவிடும், அநேகமாக உங்களுக்கு முன்னால். குறள் வேண்டுமென்றால் நீங்கள் சொல்லும் சம்பவத்தோடு உண்மையிலேயே ஒட்டுகிற ஒன்றைத் தேடுங்கள். ஒட்டவில்லை என்றால் விட்டுவிடலாம், வள்ளுவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வாட்ஸ்அப்பில் வரும் பொன்மொழிகளில்தான் அதிக ஜாக்கிரதை தேவை. கலாம் படம் போட்டு வருவதெல்லாம் கலாம் சொன்னது இல்லை. மண்டேலா 1994 பதவியேற்பில் சொன்னதாகச் சுற்றும், ‘நம் ஆழ்ந்த பயம்’ என்று தொடங்கும் பத்தி அந்த உரையிலேயே கிடையாது. இதில் பட்டமளிப்பு விழாவுக்கென்றே ஒரு வேடிக்கை உண்டு. 1997இல் எழுத்தாளர் கர்ட் வானகட் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பேசியதாக ஓர் உரை மின்னஞ்சலில் உலகம் சுற்றியது. உண்மையில் அது சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழில் மேரி ஷ்மிக் எழுதிய பத்திக் கட்டுரை. அந்த வருடம் எம்.ஐ.டி.யில் பேசியவர் அப்போதைய ஐ.நா. பொதுச்செயலாளர் கோஃபி அன்னான்.

மேற்கோள் காட்டினால் யாருடையது என்று சொல்லிவிடுங்கள். ஸ்டீவ் ஜாப்ஸ் 2005இல் ஸ்டான்ஃபோர்டில் பேசி முடித்தபோது சொன்ன பசித்திரு, பேதையாயிரு வாசகம் தன்னுடையது இல்லை, இளவயதில் படித்த ‘ஹோல் எர்த் கேட்டலாக்’ என்ற வெளியீட்டின் கடைசி இதழின் பின் அட்டையில் இருந்தது என்று அங்கேயே சொல்லிவிட்டார். அப்படியும் ஊர் அவர் பெயரில்தான் எழுதுகிறது. அது அவர் குற்றமில்லை.

ஒரு சார் மாதிரியே பேசிக் காட்டினா செம கைதட்டல் வரும். பண்ணலாமா?

பிரிவுபசார விழாவில் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பண்ணுங்கள். பட்டமளிப்பில் வேண்டாம். அவருடைய பிள்ளைகளும் அரங்கில் இருக்கலாம். கிண்டல் செய்தே ஆக வேண்டும் என்றால் உங்களையே செய்துகொள்ளுங்கள். நம் தேர்வுத் தாள்களைத் திருத்தியவர்கள் பட்ட பாட்டைச் சொன்னாலே சிரிப்பு வந்துவிடும். உருவம், நிறம், சாதி, ஊர், யாருடைய காதல் என்ற பக்கமே போக வேண்டாம்.

ஸ்கிரிப்டை முன்னாடியே ஆபீஸ்ல காட்டணுமாம். குறை எதுவும் சொல்லக் கூடாதாம். அப்போ உண்மையா எப்படிப் பேசுறது?

காட்டத்தான் வேண்டும். ஒன்றைக் காட்டி அனுமதி வாங்கிவிட்டு மேடையில் வேறொன்று பேசுவது வீரம் மாதிரி தெரியும். அடுத்த வருடம் மாணவர் உரையே நிரலில் இருக்காது. அதை அனுபவிக்கப் போகிறவர்கள் உங்கள் ஜூனியர்கள்.

குறையைக் குறையாகச் சொல்லாமல், அதற்கு மாணவர்கள் என்ன செய்தார்கள் என்று சொல்ல வழி இருக்கிறது. லேபில் கம்ப்யூட்டர் போதவில்லை என்பது புகார். ‘ஒரு கம்ப்யூட்டருக்கு நாங்கள் மூன்று பேர். ஒருவர் டைப் செய்ய, ஒருவர் தப்புக் கண்டுபிடிக்க, மூன்றாமவர் மேடம் வருகிறாரா என்று பார்க்க’ என்பது சம்பவம். உள்ளே இருப்பது ஒரே உண்மைதான், அலுவலகத்திலும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். இப்படிச் சொல்ல முடியாத அளவுக்குப் பெரிய பிரச்சினை என்றால் அதற்கு இடம் விழா மேடை இல்லை. குறைதீர்ப்புக் குழுவுக்கு எழுத்தில் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்க வீட்ல நான்தான் முதல் பட்டதாரி. அதைச் சொன்னா அனுதாபம் தேடுற மாதிரி ஆயிடுமோன்னு இருக்கு.

எப்படிச் சொல்கிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது. ‘ஏழைக் குடும்பத்தில் பிறந்து எத்தனையோ கஷ்டங்களைத் தாண்டி’ என்று போனால் நீங்கள் பயப்படுகிற மாதிரிதான் ஆகும். கஷ்டம் என்று பெயர் வைக்காமல் நடந்ததைச் சொல்லுங்கள். முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்க அப்பா எத்தனை நாள் கூலியை விட்டார்? வீட்டில் வேறு யாரும் பட்டம் வாங்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடும்போது அவர் முகம் எப்படி இருந்தது? அரங்கில் அந்தக் கதை உங்களுடையது மட்டும் இல்லை. அதே சான்றிதழுக்கு அலைந்த பல அப்பாக்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். பேசுவதற்கு முன் வீட்டில் கேட்டுவிடுங்கள். தன் கூலி, தன் கடன், தன் கைநாட்டு மைக்கில் வருவதை அப்பா விரும்பாமல் இருக்கலாம். வேண்டாம் என்றால் வேண்டாம். வேறு சம்பவம் கிடைக்கும்.

எங்க கிளாஸ்ல ஒரு பையன் இரண்டாம் வருஷம் இறந்துட்டான். அவனைப் பத்திச் சொல்லணுமா, விடணுமா?

சொல்லுங்கள். சொல்லாவிட்டால் உங்கள் வகுப்பு முழுக்க அந்தப் பெயருக்காகக் காத்திருக்கும். முதலில் அவன் வீட்டில் பேசி, அவர்கள் சம்மதம் வாங்குங்கள். விழாவுக்கு வருகிறார்களா என்றும் கேளுங்கள், வந்தால் யாராவது ஒருவர் அவர்கள் பக்கத்தில் உட்கார வேண்டும். எப்படி இறந்தான் என்பதை மேடையில் சொல்லக் கூடாது. எங்கே உட்காருவான், எதற்குச் சிரிப்பான், யார் டிபன் பாக்ஸைத் திறப்பான் என்று இரண்டு மூன்று வரி போதும். பேச்சின் நடுவில் வையுங்கள். கடைசியில் வைத்தால் அடுத்து மேடையேறிப் பட்டம் வாங்குகிறவர்கள் தவித்துப்போவார்கள்.

பாதியில் படிப்பை நிறுத்திப்போனவர்களைப் பற்றியும் இதே கேள்வி வரும். குறிப்பாகத் திருமணம் செய்து கொடுக்கப்பட்ட பெண்கள். அவர்களிடம் கேட்காமல் பெயர் சொல்ல வேண்டாம். ‘எங்களோடு சேர்ந்து, இன்று எங்களோடு இல்லாத தோழிகள்’ என்றால் யாரைச் சொல்கிறீர்கள் என்று தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும்.

சாட்ஜிபிடி கிட்ட கேட்டா நல்லாவே எழுதிக் கொடுக்குது. அதையே படிச்சா என்ன?

நன்றாகத்தான் எழுதும். எந்தக் கல்லூரியில் வேண்டுமானாலும் படிக்கலாம், அதுதான் சிக்கல். நீங்கள் சொல்லாத வரை ஏழு மணி பஸ் அதற்குத் தெரியாது. முதலில் உங்கள் ஒரு பக்கப் பட்டியலையும் சம்பவத்தையும் நீங்களே எழுதிவிடுங்கள். அப்புறம் எங்கே நீள்கிறது, எங்கே குழப்பம் என்று அதனிடம் கேட்பதில் தப்பில்லை. அது திருத்தித் தந்ததைச் சத்தமாகப் படிக்கும்போது நீங்கள் வாழ்க்கையில் பேசியே இராத சொல் வந்தால் அடித்துவிடுங்கள்.

பார்த்துப் படிக்கலாமா, மனப்பாடம் பண்ணணுமா? பார்த்துப் படிச்சா அசிங்கம்னு சொல்றாங்க.

மேலே சொன்ன ஜாப்ஸ் உரை ஏறக்குறைய 15 நிமிடம். முழுக்கத் தாளைப் பார்த்தே படித்தார். யாரும் அசிங்கம் என்று சொல்லவில்லை. மனப்பாடம் செய்தால் ஒரு சொல் நழுவினால் அடுத்த வரி வராது. முதல் இரண்டு வரியும் கடைசி இரண்டு வரியும் மனதில் இருக்கட்டும், அப்போது அரங்கைப் பார்த்துப் பேசலாம். நடுவில் தாளைப் பாருங்கள்.

தாளைப் பெரிய எழுத்தில், ஒரு பக்கம் மட்டும் அச்சிடுங்கள். பக்க எண் போடுங்கள், பின் அடிக்காதீர்கள். பக்கத்தின் அடியில் கொஞ்சம் காலியாக விட்டால் குனிய வேண்டியிருக்காது. போனைப் பார்த்துப் படிக்க வேண்டாம். சரியாக அந்த நேரத்தில்தான் மாமா கூப்பிடுவார்.

மேடைல அழுகை வந்துட்டா?

நிறுத்துங்கள். தண்ணீர் குடியுங்கள். கூட்டம் காத்திருக்கும், பெரும்பாலும் கைதட்டும். ஒத்திகையில் எந்த வரியில் குரல் உடைகிறது என்று பார்த்து, அந்த வரியைச் சின்னதாக்கிவிடுங்கள். நீளமான வாக்கியத்தின் நடுவில் உடைந்தால்தான் மீள்வது கஷ்டம்.

கடைசில எப்படி முடிக்கிறது? எதிர்காலம், சாதனை அப்படின்னு ஏதாவது சொல்லணுமே?

வானம் வசப்படும், சிகரம் தொடுவோம் வகையறா வேண்டாம். பாதிப் பேருக்கு இன்னும் வேலை கிடைத்திருக்காது, அவர்கள் காதில் அது குத்தும். நீங்கள் எடுத்துக்கொண்ட சம்பவத்திலிருந்து பெற்றோருக்கு ஒரு வரி, தோழர்களுக்கு ஒரு வரி, ‘நன்றி, வணக்கம்’. உதாரணமாக: ‘இனிமேல் வீட்டுக்கு லேட்டாக வந்தால் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்ல முடியாது. நீங்கள் இத்தனை நாள் நம்பியதற்கு நன்றி.’

விருந்தினர் லேட்டா வந்தார்னு அஞ்சு நிமிஷத்தை ரெண்டாக் குறைச்சுட்டாங்கன்னா?

அடிக்கடி நடப்பதுதான். அதனால் தாளில் முன்கூட்டியே பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள். வணக்கம் ஒரு வரி, சம்பவம், முடிவு இரண்டு வரி. மாதிரிக்கு எழுதிக் காட்டிய அரியர் கதையை இந்தக் கணக்கில் படித்துப் பாருங்கள், இரண்டு நிமிடத்துக்குள் அடங்கும். வேகமாகப் பேசி முழுதையும் திணிக்க வேண்டாம். விருந்தினரின் ரயில் தாமதத்தைப் பற்றி மைக்கில் ஒரு வார்த்தையும் வேண்டாம், அது நன்றியுரை சொல்பவரின் தலைவலி.